கத்தினாலும் கேட்காத வீடு

பல்செட்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பல் மருத்துவர்கள் எடுத்துக் கொடுக்கும் அச்சை வைத்துச் செயற்கைப் பல் செய்வது அவர் வேலை. நகரத்தின் நடுவே, ஜன்னல் இல்லாத ஒரு மாடி அறையில் பகல் முழுக்கச் சாணை மோட்டாரோடு உட்கார்ந்திருப்பார். "ஊருக்கெல்லாம் சிரிப்பு செஞ்சு குடுக்கிற ஆளோட மூஞ்சியைப் பாருங்க" என்று கூட வேலை செய்பவர்கள் கேலி பேசுவார்கள். அவரும் சிரித்து வைப்பார்.

அவருக்கு ஒரே மகள். இருபது வயது தாண்டியும் வீட்டில் அவள் பாப்பாதான். பேச்சு வரவில்லை. சத்தம் ஆகாது. மேல்வீட்டில் மிக்சி ஓடினாலும், வாசலில் லாரி ஹாரன் அடித்தாலும் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். சத்தம் நின்ற பிறகும் அவள் அலறல் நிற்காது. தலையைச் சுவரில் முட்டிக்கொள்வாள் என்பதற்காகவே மெத்தையைக் கட்டிலில் போடாமல் சுவரில் சாய்த்திருந்தார்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் முதலில் பாவப்படுவார்கள், பிறகு முகம் சுளிப்பார்கள், கடைசியில் காலி செய்யச் சொல்வார்கள். இந்த முறை கீழ்வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு மேலே ஏறி வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. பாப்பா மேல எனக்குக் கோவமே இல்ல. என் கைப்புள்ள தூங்கவே மாட்டேங்குறா. ஒவ்வொரு தடவையும் தூக்கி வாரிப்போட்டு எந்திரிக்கிறா. என்னால முடியலண்ணே."

அவள் சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அழுகிறவளிடம் என்ன சொல்வது?

"நமக்கு இந்த டவுன் சரிப்படாதுங்க. ஆளே இல்லாத இடமாப் பாருங்க" என்றாள் மனைவி.

ஆனால் ரொம்பத் தள்ளியும் போக முடியாது. அவர் பிழைப்பு நகரத்தில். பாப்பாவுக்கு வலிப்பு மாத்திரை எழுதிக் கொடுக்கும் டாக்டரும் நகரத்தில். ரயில் போய்வரும் தூரத்தில், அவர் சம்பளத்துக்குள், அக்கம்பக்கத்தில் வாயும் காதும் இல்லாத ஒரு வீடு வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கித் தேட ஆரம்பித்தார்.

ஒரு தரகர் கிடைத்தார். "அமைதின்னா அமைதி சார். இங்க நாய்கூட யோசிச்சுத்தான் குரைக்கும்" என்றார். உண்மையிலேயே ஊசி விழுந்தால் கேட்கும் போலிருந்தது. மனைவி மட்டும் வாசல் செடியின் இலையைத் தடவி விரலைக் காட்டினாள். மாவு பூசியதுபோல் வெள்ளைத் தூசி. வேலைநாள் ஒன்றில் தனியாகப் போய்ப் பார்த்தார். வீட்டுக்குப் பின்னால் கல் உடைக்கும் ஆலை, பூமி அதிர ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதற்கு விடுமுறை.

இன்னொரு இடத்தில் எல்லாம் பொருந்தி வந்தது. வீட்டுக்காரர் பாப்பாவைப் பார்த்ததும் தயங்கினார். "அடிக்குமா?" என்று கேட்டார். மாட்டைப் பற்றிக் கேட்பதுபோல. பல்செட்காரர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன்வரை நடந்தார்.

அதனால் அடுத்த வீட்டில் பொய் சொன்னார்.

வயல்களின் ஓரத்தில் தனியாக நின்ற ஓட்டு வீடு அது. வயலுக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர் குடியிருந்தார். லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர், தனி ஆள். "எத்தனை பேர் தம்பி?" என்று கேட்டார். "நானும் வீட்டுக்காரியும்தான்" என்று பல்செட்காரர் சொல்லிவிட்டார்.

விடியும் முன்பே வேனில் வந்து இறங்கினார்கள். பாப்பாவுக்குப் போர்வை போர்த்தி, சாமான்களோடு சாமானாக உள்ளே கொண்டுபோனார்கள். முதல் சில நாள் அவள் கத்தவே இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு மெல்ல முனகினாள். மனைவிக்கு நம்பவே முடியவில்லை.

ஆனால் வீட்டுக்காரர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே. ஜன்னல் திறக்கக் கூடாது, கொல்லைக்கு விடக் கூடாது. வெயில் ஏற ஏற ஓட்டுக்குக் கீழே அடுப்புபோல் காந்தியது. அவர் இருட்டோடு ரயிலேறி இருட்டியபின் திரும்புவார். இடைப்பட்ட நேரமெல்லாம் மனைவி மகளோடு உள்ளே அடைந்து கிடந்தாள்.

"அங்க கத்தவாச்சும் விட்டோம். இங்க அதுவும் இல்ல" என்றாள் ஒருநாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

நடவு தொடங்கியதும் வயல் மோட்டார் ஓட ஆரம்பித்தது. அன்று வேலை சீக்கிரம் முடிந்து வெளிச்சத்தோடு திரும்பினார். தூரத்திலேயே மோட்டார் சத்தம் கேட்டது, மகள் சத்தம் கேட்கவில்லை. ஒரு கணம் மனம் குளிர்ந்தது. கதவைத் திறந்தார். மனைவி மகளின் மார்மேல் ஏறி உட்கார்ந்து, தலையணையை அவள் முகத்தில் அழுத்திக்கொண்டிருந்தாள். பாப்பாவின் கால்கள் தரையை உதைத்துக்கொண்டிருந்தன.

மனைவியை இழுத்துத் தள்ளினார். பாப்பா மூச்சு வாங்கி, இருமி, பிறகு அலறினாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டார்.

மனைவியின் முன்கையில் பாப்பாவின் பல் பதிந்து ரத்தம் கசிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. "வெளிய கேக்கக் கூடாதுன்னுதாங்க பொத்துனேன்" என்றாள். தலையணையைக் காலால் தள்ளிவிட்டு, "அதுக்கப்புறமும் எதுக்கு அழுத்துனேன்னு எனக்கே தெரியலங்க" என்றாள்.

அவர் அவள் கையைக் கழுவிக் கட்டுப்போட்டார். பொய்யைச் சொல்லி அவள் தலையில் கட்டிவிட்டு ரயிலேறிப் போனது யார்?

மோட்டார் நின்று பாப்பா அடங்கியதும் வரப்பில் நடந்து வீட்டுக்காரரிடம் போனார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"தெரியும் தம்பி" என்றார் அவர். "கொடியில மூணு பேர் துணி காயுது. எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"அப்ப ஏன் கேக்கலைங்கய்யா?"

"கேட்டா நீங்க காலி பண்ணிட்டுப் போயிருப்பீங்க. இந்தக் காட்டுக்குள்ள எவன் குடிவருவான்? பூட்டிக் கிடந்த வீடு." துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆனா பொய் சொன்னீங்க பாருங்க, அது எனக்குப் பிடிக்கல. பிள்ளையை வெளிய விடுங்க. மோட்டாரை நிறுத்த முடியாது. போடுறதுக்கு முன்னாடி வேணும்னா ஒரு குரல் குடுக்கிறேன்."

மறுநாளிலிருந்து பாப்பா கொல்லையில் நடந்தாள். மோட்டார் ஓடும்போது அலறினாள். வயலில் நாற்று நட்ட பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். யாரும் வந்து கதவைத் தட்டவில்லை. மனைவி மட்டும் மகளுடன் தனியாக இருக்கப் பயந்தாள். அவர் கிளம்பும்போது தலையணைகளை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லி, சாவியைக் கையோடு எடுத்துப்போகச் சொன்னாள். அவர் அப்படியே செய்தார்.

அறுவடை முடிந்த வாரம், எதிர் வயலில் மஞ்சள் பூசிய கற்கள் வரிசையாக முளைத்திருந்தன. மனை போடுகிறார்கள். ஸ்டேஷன் சுவரெல்லாம் விளம்பரம் ஒட்டியிருந்தது: நகரத்துக்கு வெகு அருகில், அமைதியான சூழலில்.

மனைவியும் கற்களைப் பார்த்திருப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமை, ஏதோ வேலையிருக்கிறது என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பி, நகரத்துக்கு எதிர்த்திசையில் போகும் ரயிலில் ஏறி உட்கார்ந்தார்.