ஓவன் விளக்கில் வைத்த வான்கோழி

அமெரிக்காவில், பார்சிப்பனியில் எங்கள் டவுன்ஹவுஸ் வரிசையில் சாரதாவைப் போல் பயப்படுகிற இன்னொருத்தியை நான் பார்த்ததில்லை. விருதுநகர்க்காரி; சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் டேகேரில் வேலை. பிறந்தநாள் பார்ட்டிக்கு யார் கூப்பிட்டாலும் வருவாள், கணவர் கருப்பசாமிக்கு மட்டும் வீட்டிலிருந்து டப்பாவில் சாப்பாடு வரும். "ரொம்பத்தான் பண்றா" என்று நானே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்ன வாயை இப்போது என்ன செய்வது?

கருப்பசாமிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டு மூன்று வருடம் டயாலிசிஸ் ஓடியது. போன மார்ச்சில் சாரதா தன்னுடைய ஒன்றை அவருக்குக் கொடுத்தாள். அதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியையே அடக்கிவைக்கும் மாத்திரைகள். காலை ஆறு மணிக்கு, மாலை ஆறு மணிக்கு. கெட்டுப்போன சாப்பாட்டால் நமக்கு இரண்டு நாள் வயிறு போகும். அவருக்கோ வைத்த சிறுநீரகமே போய்விடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சாரதா வேலைக்குப் போன நாட்களில் அவரை டயாலிசிஸுக்குக் காரில் கூட்டிப்போனவள் பக்கத்து வீட்டு லிண்டா. தனி ஆள். அவளுக்குத் தேங்க்ஸ்கிவிங் பண்டிகையன்று வான்கோழி சமைத்துப் போடுவதாகச் சாரதா வாக்குக் கொடுத்துவிட்டாள். பன்னிரண்டு பவுண்டு பறவை கராஜ் ஃப்ரீசரில் கிடந்தது. மெல்ல உருகுவதற்கு ஞாயிற்றுக்கிழமையே ஃப்ரிட்ஜுக்கு மாற்றியிருக்க வேண்டும், மறந்தேபோனாள். புதன் மாலை ஞாபகம் வந்தபோது அது பாறாங்கல். ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, மிச்சத்தைக் காலையில் குளிர்ந்த தண்ணீரில் போட்டு உருக்கிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டாள்.

பண்டிகை நாளான வியாழன் காலை ஆறரைக்கு எனக்கு போன். "அக்கா, கொஞ்சம் வாங்களேன்." அந்தக் குரலைக் கேட்டுச் செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

ஓவன் திறந்திருந்தது. குளிர்காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான்: இட்லி மாவு புளிப்பதற்காக, ஓவனை மூட்டாமல் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைப்போம். மனைவி காலையில் அல்லாட வேண்டாமே என்று கருப்பசாமி முந்தின ராத்திரி பத்து மணிக்கு வான்கோழியை அதே மாதிரி வைத்துவிட்டார், மேலே ஒரு துணியும் மூடி.

"எட்டரை மணி நேரம்க்கா. தொட்டா மேல வெதுவெதுன்னு இருக்கு, உள்ள இன்னும் ஐஸ்."

"மாவு வச்சா பொங்குதுல்ல, அது மாதிரிதான்" என்றார் கருப்பசாமி. "இனிமே மூணு மணி நேரம் வேகப்போகுது. எந்தக் கிருமி தப்பிக்கும்?"

"கிருமி சாகும்ங்க. அது விட்ட விஷம் சாகாது. டேகேர் ட்ரெய்னிங்ல சொல்லிருக்காங்க. சூட்டுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல போனா தூக்கிப் போட்டுரணும்."

உண்மையைச் சொன்னால் எனக்கும் அவர் பேச்சுதான் சரியாகப் பட்டது. நானோ முட்டைகூடத் தொடாதவள்.

திடீரென்று சாரதா கேட்டாள்: "காலைல இதத் தொட்டீங்களா?"

"உருகிருச்சான்னு அமுக்கிப் பாத்தேன்."

"கை கழுவுனீங்களா?"

"துடைச்சேனே." தோளில் கிடந்த துண்டைக் காட்டினார்.

அந்தக் கையால்தான் ஆறு மணி மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டிருக்கிறார். சாரதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்துப் போனது. அப்போதுதான் இது விளையாட்டில்லை என்று எனக்கும் உறைத்தது.

ஆஸ்பத்திரி எண்ணுக்கு போன் போட்டோம். காய்ச்சல் நூறைத் தாண்டினாலோ, வாந்தி பேதி வந்தாலோ உடனே கூட்டிவரச் சொன்னாள் நர்ஸ். அதுவரை செய்வதற்கு ஒன்றுமில்லையாம், மூன்று நாள் கவனிக்க வேண்டுமாம். ஏதாவது செய்யச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

சாரதா எழுந்தாள். வான்கோழியை இரண்டு பைகளில் கட்டி வெளியே குப்பையில் போட்டாள். ஓவன், மேடை, குழாய், கதவுப் பிடி எல்லாவற்றையும் ப்ளீச் போட்டுத் துடைத்தாள். கருப்பசாமிக்குப் பொறுக்கவில்லை.

"என் உசுரப் பத்தி எனக்குத் தெரியாதா? இப்பிடி பயந்துகிட்டே இருந்தா எப்பிடி வாழுறது?"

"இன்னொண்ணு குடுக்க எங்கிட்ட இல்லங்க" என்றாள் சாரதா, துடைப்பதை நிறுத்தாமல்.

அவர் சோபாவில் போய் உட்கார்ந்துவிட்டார்.

கடைக்கு என் காரில் போனோம். இருந்ததெல்லாம் உறைந்தவைதான், பத்து பவுண்டில் ஒன்று கிடைத்தது. அது உருக, பவுண்டுக்கு அரை மணி என்று ஐந்து மணி நேரம். எட்டரைக்கு, பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் சிங்க்கில் முக்கிக் குளிர்ந்த தண்ணீர் விட்டாள். "வெந்நீர் ஊத்தினா சீக்கிரம் ஆயிடுமே?" என்றேன். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

அரை மணிக்கு ஒரு தரம் தண்ணீர் மாற்றினாள். மாற்றிவிட்டு, கையை முழங்கை வரை கழுவிக்கொண்டு போய்க் கணவருக்குக் காய்ச்சல் பார்த்தாள். தொண்ணூற்றெட்டரை. தொண்ணூற்றெட்டரை. பதினொன்றரைக்குத் தொண்ணூற்றொன்பது.

"அக்கா, ஏறுதா?"

"இப்பதான் காபி குடிச்சார், அதான்" என்றேன். என் குரலே எனக்கு நம்பும்படியாக இல்லை. பன்னிரண்டு மணிக்குத் திரும்ப இறங்கியது. அந்த அரை மணி நேரம் வேண்டாத தெய்வம் இல்லை.

ஒன்றரைக்குப் பறவையின் வயிற்றுக்குள் ஐஸ் இல்லை. மசாலா தடவி ஓவனுக்குள் போனது. நாலே முக்காலுக்குச் சமையல் தெர்மாமீட்டரைத் தொடையில் குத்தினாள். வெந்ததற்கு நூற்று அறுபத்தைந்து டிகிரி போதும். நூற்று எழுபத்தெட்டு காட்டியது. நம்பாமல் இன்னும் மூன்று இடத்தில் குத்தினாள்.

ஐந்து மணிக்கு லிண்டா பூசணிக்காயில் சுட்ட இனிப்போடு வந்தாள். சாப்பிட்டாள், கண்கலங்கினாள், இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக்கொண்டாள். எனக்குத் தயிர்சாதம். சாரதாவின் தட்டு காலியாகவே இருந்தது. காலையிலிருந்து அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கருப்பசாமி ஒரு துண்டு கறியை எடுத்து வாய்ப்பக்கம் கொண்டுபோனார். சாரதா அந்தக் கையையே பார்த்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு. அவர் கை நடுவழியில் நின்றது. கறியை அவள் தட்டில் வைத்தார்.

"நீ சாப்பிடு. நான் தோசை ஊத்திக்கிறேன்."

"நல்லாத்தான் வெந்திருக்குங்க. சாப்பிடலாம்."

"தெரியும்."

அவள் ஒரு வாய் வைத்தாள். மிச்சத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். "எனக்குப் பயமா இருக்குங்க."

"எனக்கும்தான், சாரதா" என்றார். "காலைலேருந்தே."

மொழி புரியாமல் லிண்டா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். கருப்பசாமி காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரைத் தானே எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார்.