மணி அடிக்கவில்லை

இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நீங்களும் சிரிக்கலாம். ஆனால் இது நடந்தது. 1986இல், குருண் என்ற ஊரில், ரப்பர்ச் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலையில், என் கண் முன்னால் நடந்தது. அப்போது என் பக்கத்தில் இன்னோர் ஆளும் இருந்தார். அதனால் கனவு, பிரமை என்றெல்லாம் என்னிடம் சொல்ல வேண்டாம்.

என் பெயர் ஹெர்பர்ட். அந்தத் தொழிற்சாலையின் கணினி அறைக்கு என்னை ஆறு மாதத் தவணையில் எடுத்திருந்தார்கள். இரவு வேலைகளைத் தானாக ஓட வைக்க வேண்டும், அதுதான் எனக்கு இட்ட பணி. அதுவரை ஓர் ஆள் விடிய விடிய உட்கார்ந்து, ஒரு வேலை முடிந்ததும் அடுத்ததைக் கையால் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். நான் பழைய கணினித் தாளின் பின்பக்கத்தில் கட்டம் கட்டமாக வரைந்து, அம்புக்குறி போட்டு, ஒன்று முடிந்தால் அடுத்தது தானே தொடங்கும்படி திட்டம் போட்டேன். நடுவில் ஒன்று கெட்டால் மற்றதெல்லாம் நின்றுவிடும். பிரிண்டருக்குக் காகிதம் வைக்க மட்டும் ஓர் ஆள் இருந்தால் போதும். திட்டம் அழகாகத்தான் இருந்தது.

மேனேஜர் பரஞ்சோதி அதற்குள் ஒரு கட்டத்தை நுழைத்தார். மணிக்கு ஒரு தடவை கணினி 'ஆள் இருக்கிறதா?' என்று திரையில் கேட்க வேண்டுமாம். உள்ளே இருப்பவர் ஏதாவது ஒரு விசையை அழுத்த வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் அழுத்தாவிட்டால், கீழே காவல்காரர் உட்காரும் சின்னக் கொட்டகையில், பொண்டோக்கில், மணி அடிக்க வேண்டும்.

"தானா ஓடுற வேலைக்கு இது எதுக்கு சார்?"

"எனக்கு வேணும். போட்டுக் குடு."

காரணம் கேட்டால் முறைத்தார். திங்கட்கிழமை அவருக்குச் செய்து காட்ட வேண்டும். மணி ஒழுங்காக அடித்தால் வேலை நிரந்தரம். அடிக்காவிட்டால் அந்த மாதத்தோடு வீட்டுக்கு. என் மனைவி பேட்ரிசியா ஏழு மாதக் கர்ப்பத்தோடு ஜித்ராவில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். வேலை நிரந்தரமானால்தான் குருணில் ஒரு வீடு எடுத்து அவளைக் கூட்டிவர முடியும். ஒரு மணி அடித்தால் போதும். அந்தச் சனியன் பிடித்த மணிதான் என் உயிரை எடுத்தது.

சனிக்கிழமை இரவு சோதித்துப் பார்த்தேன். மாடி அறையில் யாரும் இல்லை. நான் வேண்டுமென்றே கீழே இறங்கி வந்து, பொண்டோக்கில் உட்கார்ந்தேன். காவலுக்கு முருகையா அண்ணன். பாடாங் மேஹா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், அந்த மாதம்தான் இங்கே வேலைக்கு வந்திருந்தார். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தார். ஒன்பதரைக்குக் கணினி கேட்கும். பதில் சொல்ல ஆள் இல்லை. 9:35க்கு மணி அடித்தாக வேண்டும்.

9:35... 9:40... அடிக்கவில்லை.

மாடிக்கு ஓடினேன். கேள்விக்குப் பதில் போயிருந்தது. அடுத்த வேலை ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. நிரலை வரி வரியாகப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. மணியைத் தனியாக அடித்துப் பார்த்தேன். கீழே கணீரென்று கேட்டது. எனக்குத் தலை வெடித்துவிடும்போல இருந்தது.

அப்போதுதான், சுற்றுப் போய்வந்த முருகையா அண்ணன் மேல் சந்தேகம் வந்தது. தோட்டத்தில் விடிகாலைப் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிடுவார். வராதவனுக்காகப் பக்கத்தில் நிற்பவன் குரல் கொடுத்துவிடுவான். ஆள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற நல்ல எண்ணம். இவரும் அந்தப் பழக்கத்தில், நான் இடத்தில் இல்லாதது தெரியாமலிருக்க ஒரு தட்டு தட்டியிருப்பார் என்று நினைத்தேன்.

"அண்ணே, பெரட்டுல ஆளுக்குக் குரல் குடுக்கிற மாதிரி எனக்குக் குடுக்காதீங்க. என் வேலை போயிரும்."

"நான் மேலயே போகல தம்பி. அந்தப் பொட்டியத் தொடவே எனக்குப் பயம்லா."

நான் நம்பவில்லை. பத்தரைக்கு அறையைப் பூட்டினேன். சாவி என் சட்டைப் பையில். அவரை என் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். 10:35 போனது. மணி இல்லை. மேலே போய்ப் பூட்டைத் திறந்தேன். பதில் வந்திருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு கீபோர்டின் வயரையே பிடுங்கினேன். அதைக் கக்கத்தில் இடுக்கிக் கீழே கொண்டுவந்து, பொண்டோக் மேசையில் போட்டேன். மறுபடியும் அறைக்குப் பூட்டு.

"இப்ப எவன் அழுத்துறான்னு பாப்போம்."

11:30.

இரண்டு பேரும் மணியையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே பெரிய ரோட்டில் ஒரு லாரி போனது. பிறகு சத்தமே இல்லை.

11:33.

டக்.

சத்தம் மேசையிலிருந்து வந்தது.

குனிந்து பார்த்தேன். கீபோர்டின் நீள விசை கீழே இறங்கியிருந்தது. யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திப் பிடித்ததுபோல... பிறகு மெல்ல மேலே வந்தது.

வயர் தரையில் கிடந்தது.

மாடியில் பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. க்ர்ர்ர்... க்ர்ர்ர்...

"முனியாண்டி... அப்பனே..." என்றார் முருகையா அண்ணன்.

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. ஆத்திரம். வெளியே வந்து மாடி ஜன்னலைப் பார்த்துக் கத்தினேன்.

"யாருடா நீ? ஒரே ஒரு தடவை சும்மா இருடா!"

பிரிண்டர் நின்றது.

மேலே கணினி மேசை நாற்காலியின் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. மெதுவாக. ஜன்னலை நோக்கி...

வந்து நின்றது.

அதற்கு மேல் நாங்கள் அங்கே இல்லை. கேட்டைத் திறந்து ஓடிப்போய், விடியும்வரை பெரிய ரோட்டில் நின்றோம்.

திங்கட்கிழமை காலை. பட்டப்பகல். அறையைப் பூட்டிவிட்டு மேனேஜரும் நானும், டேட்டா அடிக்கும் கேதரினும் வெளியே நின்றோம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். மணி அடிக்கவில்லை. முடிந்தது, பேட்ரிசியாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"உள்ள யாரு?" என்றார் மேனேஜர்.

"யாரும் இல்ல சார்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "ஒன் வேலை நிரந்தரம். அந்தக் கேள்விய மட்டும் எடுத்துரு. இனிமே ராத்திரியில இங்க யாரும் வேணாம்." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார்.

நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. மத்தியானம் கேண்டீனில் கேதரினைப் பிடித்துக்கொண்டேன். முதலில் மழுப்பினாள். விடவில்லை.

"ஒங்களுக்கு முன்ன லியோனார்ட் அண்ணன்தான் ராத்திரி வேலைக்கு இருந்தாரு. நெஞ்சு வலி. காலையில நான்தான் கதவத் தொறந்தேன். நாக்காலியிலயே உக்காந்திருந்தாரு."

"ஆள் செத்தாத் தெரியணும்னுதான் மணியா?"

"அது மட்டும் இல்ல. அன்னிக்கு நடுராத்திரி மேனேஜர் போன் பண்ணிருக்காரு, ஆள் முழிச்சிருக்காரான்னு பாக்க. லியோனார்ட் அண்ணன்தான் எடுத்தாரு. 'இருக்கேன் சார்'னு சொன்னாரு."

"சரி..."

கேதரின் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"டாக்டர் வந்து பாத்துட்டு, உசுரு ராத்திரி எட்டு மணிக்கே போயிருச்சுன்னாரு."