கோமதி அக்காவும் ஒரு புட்டிப் பொட்டாசியமும்

பாலிகஞ்ச் ஸ்டேஷன் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கோமதி அக்காவின் கணவர், சங்கரன் அண்ணன். "வனஜா, கோமதி போயிட்டாம்மா. காப்பி கொடுக்க எழுப்புனேன், எந்திரிக்கல" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. அக்காவின் முகத்துக்கும் முன்னால் நினைவுக்கு வந்தது எங்கள் பள்ளி வேதியியல் கூடத்தில், பூட்டிய பீரோவின் அடித்தட்டில் இருந்த ஒரு புட்டி. அதன் ஆபத்து எங்கள் இருவருக்குத்தான் முழுதாகத் தெரியும். இனி நான் ஒருத்திதான்.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்காவின் ஊர் பாளையங்கோட்டை. சங்கரன் அண்ணனுக்கு ரயில்வே வேலை. கல்யாணமாகிக் கொல்கத்தா வந்து லேக் கார்டன்ஸில் குடியிருந்தார்கள். எங்கள் பள்ளியில் வேதியியலுக்கு நாங்கள் இரண்டே பேர். பெரிய வகுப்புகள் அவருக்கு, சின்ன வகுப்புகள் எனக்கு.

அவரைப் போல் பயந்த கெமிஸ்ட்ரி டீச்சரை நான் பார்த்ததில்லை. ஸ்பிரிட் விளக்கை ஏற்றுவதற்கே முந்தானையை இழுத்துச் செருகி, ஜன்னலைத் திறந்து, மணல் வாளியைப் பக்கத்தில் நகர்த்திக்கொள்வார். வங்காளி ஆசிரியைகள் அவரை 'பீது தி' என்பார்கள், பயந்தாங்கொள்ளி அக்கா என்று கேலி. "பயமில்லாதவங்க ஹிஸ்டரி எடுக்கட்டும்" என்று அவரும் சிரிப்பார். சோடியத்தைத் தண்ணீரில் போட்டுக் காட்டும் நாளில் மசூர் பருப்பில் பாதி அளவுதான் வெட்டுவார். பிள்ளைகள் பெரிய துண்டு கேட்டால், "வெடி பாக்கணும்னா காளி பூஜைக்குப் போங்க" என்பார்.

தனிம வரிசையை அவர் நடத்தும் விதம் தனி. வகுப்பில் ஆங்கிலமும் வங்காளமுமாகச் சொன்னதைச் சாப்பாட்டு வேளையில் எனக்கு நெல்லைத் தமிழில் சொல்லிக் காட்டுவார். "அணுவோட கரு அம்மைன்னு வையி, கடைசி எலக்ட்ரான் பிள்ளை. ரெண்டுபேரும் துர்கா பூஜோ பந்தல் கூட்டத்துல நிக்காங்க. லித்தியத்துல பிள்ளை கிட்டக்க நிக்கு. சோடியத்துல ஒரு வரிசை தள்ளி நிக்கு. பொட்டாசியத்துல இன்னும் ஒரு வரிசை தள்ளி. நடுவுல அத்தனை கூட்டம், அம்மை பிடி எட்டல. யாரு கூப்பிட்டாலும் போயிரும்." கீழே போகப் போக உலோகம் ஏன் மூர்க்கமாகிறது என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை.

இந்த மழைக்காலத்தில் பீரோவை ஒழுங்குபடுத்தியபோது அந்தப் புட்டி கண்ணில் பட்டது. நான் கை நீட்டினேன். "ஏளா, கையை எடு. மெதுவா பின்னால வா" என்றார் அக்கா. பொட்டாசியத்தை எண்ணெயில் மூழ்க வைத்திருக்க வேண்டும். யாரோ எப்போதோ வாங்கி மறந்த அதில் எண்ணெய் வற்றிப்போய், உலோகத்தின் மேல் மஞ்சளாகப் பொருக்குத் தட்டியிருந்தது. காற்றை வாங்கி வாங்கி உண்டான அந்தப் பொருக்கு, கீறினாலே வெடிக்கக்கூடியது. அசைத்தால் என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"இத்தனை வருஷம் சும்மா இருந்ததுதானேக்கா" என்றேன்.

"இத்தனை வருஷம் ஆனதுதான்ட்டி பயமே."

பீரோவைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஆள் வைத்து அதை அப்புறப்படுத்தச் சொல்லி ஆபீசில் எழுதிக் கொடுத்தார். "பூஜோ முடியட்டும், தீதி" என்றார்கள். பூஜோ முடிந்தது, யாரும் வரவில்லை. அக்கா தினமும் வந்ததும் முதலில் பூட்டைத்தான் பார்ப்பார். "பக்கத்து ரூம்ல பிள்ளைங்க உக்காந்திருக்கு, எனக்குச் சோறு இறங்கல" என்பார்.

தகனம் முடிந்து திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். அஞ்சலிக் கூட்டத்தை வேதியியல் கூடத்திலேயே வைக்கத் தலைமையாசிரியை ஏற்பாடு செய்திருந்தார். மாணவிகள் தரையில் உட்கார்ந்து ரஜனிகந்தாப் பூ மாலை கோத்துக்கொண்டிருந்தார்கள். படம் வைக்கும் மேசைக்கு இடம் வேண்டுமென்று, எல்லோரும் 'தா', அண்ணன், என்று கூப்பிடும் ஆய்வக உதவியாளர் தபஸ் தாவும் இன்னொருவரும் அந்தப் பீரோவைச் சாய்த்து நகர்த்த ஆரம்பித்திருந்தார்கள். கத்தக்கூட எனக்குப் பயம்.

"தபஸ் தா, மெதுவா கீழ வைங்க. விட்டுட்டு வெளிய வாங்க" என்று வங்காளத்தில் சொன்னேன். மாணவிகளை மைதானத்துக்கு அனுப்பினேன்.

தலைமையாசிரியை வந்தார். "இன்னைக்குமா இந்தப் பயம்? கோமதி தி இருந்தா இப்படித்தான் சொல்லுவாங்க."

"அவங்க இல்ல மேடம். அதனால நான் சொல்றேன்" என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். தீயணைப்புப் படையினரும் ஒரு நிபுணரும் வந்தார்கள். சங்கரன் அண்ணன் அக்காவின் கைப்பையில் இருந்த சாவியைத் தானே எடுத்துவந்து, எல்லாம் முடியும்வரை வாசல் கேட்டில் நின்றார். புட்டியை மணலில் பதித்து, ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். மறுநாள் தகவல் வந்தது: எட்ட நின்று நீளக் கோலால் தொட்டதுமே வெடித்ததாம். தபஸ் தா தன் இரண்டு கைகளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அஞ்சலிக் கூட்டம் அதற்குப் பிறகு மைதானத்தில் நடந்தது. தலைமையாசிரியை எழுதி வந்ததைப் படிக்கவில்லை. "கோமதி தி ரொம்பப் பயப்படுவாங்க" என்றவர், மேலே பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டார். ஒரு மாணவிகூடச் சிரிக்கவில்லை.

போய் வாருங்கள், அக்கா. பீரோவில் இன்னும் சோடியம் இருக்கிறது, புரோமின் இருக்கிறது, பக்கத்து அறையில் பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் பயத்தை மட்டும் எடுத்துப் போய்விடாதீர்கள். அது எனக்கு வேண்டும்.