பேர் போடச் சொன்னவள்

1933 ஜூன் 8, வியாழக்கிழமை. அன்று தொடங்கிப் பத்து நாட்கள் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் கோபம்தான் வந்தது. அந்தப் பத்து நாட்களைப் பற்றி விசுவாசிகளாகிய உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நாட்குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு இப்போது எழுதுகிறேன். ஞாபகத்தை மட்டும் நம்பினால் மனிதன் தன்னை நல்லவனாகக் காட்டிவிடுவான்.

தெல்தெனியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் அப்போது டிஸ்பென்சராக இருந்தேன். மருந்து கலந்து கொடுப்பது, புண் கட்டுவது, பிறப்பு இறப்புகளை எழுதி வைப்பது என் வேலை. ஊர் யாழ்ப்பாணம். மார்ச் 6, திங்கட்கிழமை வேலையை ஏற்றேன். தோட்டத்து மக்களின் பேச்சு எனக்குப் பாதி புரியும், பாதி புரியாது. புரியாததையும் புரிந்ததாக நினைத்துக்கொள்வேன். அதுதான் பின்னால் என்னைக் குத்தியது.

அந்த வியாழக்கிழமை மத்தியானம், மருந்துக்கு வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, தோட்டத்துப் பெரிய கிளாக்கர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அவரும் யாழ்ப்பாணத்தவர், நம்முடைய சபையைச் சேர்ந்தவர். மாதத்தில் ஒரு ஞாயிறு கண்டியில் நடக்கும் தமிழ் ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவர். அவருடைய பெயரை எழுத மாட்டேன். ஒருவரைப் பழிவாங்க எழுதுவது சாட்சியாகாது.

"தம்பி, எங்கட வீட்டு வேலைக்காரப் பெட்டைக்கு வயித்தில ஒரு கோளாறு" என்றார்.

"என்ன கோளாறு?"

"நாலு மாதத்துக் கோளாறு."

சொல்லிவிட்டுத் தாமே சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருடைய மனைவியின் தம்பி அரசாங்க உத்தியோகத்துக்குப் பரீட்சை எழுதிவிட்டு அவர்களுடைய வீட்டில் தங்கியிருந்தான். மீதியை அவர் சொல்லாமலே விளங்கிக்கொண்டேன்.

"காய்ச்சல் எண்டு எழுதிப்போட்டு மருந்தைக் கொஞ்சம் கூடக் குடும். ஆர் கேக்கப் போகினம்?"

"நான் குடுக்கமாட்டன், ஐயா."

"உமக்கு மட்டும்தானோ வேதம் தெரியும்? முதல் மாதங்களில கருவுக்கு ஆத்துமாவே இல்லையெண்டு எங்கட பழைய சபைப் பிதாக்களிலயே சிலபேர் சொல்லியிருக்கினம். நீர்தானே பெரிய வாசிப்புக்காரன், வாசிக்கேல்லையோ?"

வாசித்திருந்தேன். எந்த நாளில் ஆத்துமா கருவுக்குள் வருகிறது என்று அந்தக் காலத்தில் வாதித்தவர்கள் பலர். ஆகவே வராத நாளில் அழிப்பது குற்றமில்லை என்று முடிவு கட்டியவர்கள் நான் வாசித்த அளவில் அவர்களிடையே இல்லை. அதை அவரிடம் சொன்னேன். உயிர் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாவிட்டால், தெரியாத இடத்தில் விஷத்தை ஊற்ற எனக்கு அதிகாரம் இல்லை என்றும் சொன்னேன். சட்டமும் அதைத் தடுக்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து நான் மறுக்கவில்லை.

அவர் எழும்பினார். "சின்ன வயசு. பிள்ளையில்லாத வீடு. கொள்கை கதைக்கலாம்" என்றார்.

நானும் என் மனைவி கிறேஸும் ஆறு வருடமாகப் பிள்ளைக்காக ஜெபித்து வந்தோம். அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. உண்மையைச் சொல்லுகிறேன், கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. ஆண்டவருக்காக நின்றேன் என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். அந்த வரியை இப்போது பார்த்தால் கூசுகிறது.

அடுத்த நாள், ஜூன் 9, வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தப் பெண்ணே வந்தாள். காத்தாயி. பத்தொன்பது வயதிருக்கும். தாயும் தகப்பனும் இல்லை. கிளாக்கர் வீட்டில் சமையலும் துவையலும் செய்தாலும், மலையில் கொழுந்து பறித்தவளாகவே அவளுக்குத் தினமும் பேர் விழும். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பதிந்துகொள்வதைத்தான் பேர் போடுதல் என்பார்கள். பாதி நாள் என்றால் அரைப்பேர்.

அவள் கதவண்டை நின்றாள். உள்ளே வரவில்லை.

"ஐயா, எனக்குப் பேர் போடுங்க ஐயா."

நான் மருந்துப் போத்தல்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

"போட்டுட்டா விட்டுருவாங்க ஐயா" என்றாள்.

சுகமில்லை என்று என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு வாங்கினால் அன்றைய வேலையிலிருந்து விட்டுவிடுவார்கள், பேரும் விழும். அதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். கிளாக்கர்தான் இவளை அனுப்பியிருக்கிறார், முதலில் துண்டு, பிறகு மருந்து என்று வருவாள் என்றும் நினைத்தேன்.

"பேர் போடுறது கணக்கப்பிள்ளையின்ர வேலை. இஞ்ச மருந்து மட்டும்தான். நீ கேக்க வந்த மருந்து இஞ்ச இல்லை. போ" என்றேன்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை. கண்டியில் ஆராதனை. கிளாக்கர் வழக்கம்போலப் பாடம் வாசித்தார். குரல் நடுங்கவில்லை. முடிந்ததும் நம்முடைய உபதேசியாரைத் தனியே கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர்.

"நீர் செய்தது சரி" என்றார். "ஆனா இதை வெளியில கொண்டு வராதையும். கோயிலுக்குக் கூரை போடுற நேரம். அவர்தான் முன்னுக்கு நிண்டு செய்யிறார். ஜெபிப்பம்."

"பெட்டைக்கு என்ன செய்யிறது?"

"அதுக்கும் ஜெபிப்பம்."

கூரைக்காகவும் அவளுக்காகவும் ஒரே ஜெபத்தில் மன்றாடினார். நான் ஆமென் சொல்லவில்லை. தெல்தெனியவுக்கு பஸ்ஸில் திரும்பும் வழி முழுவதும் எனக்குள் எரிந்தது. பிரசங்கத்தில் கருவைப் பற்றி எத்தனை அழகாகப் பேசுகிறோம்! ஒரு வேலைக்காரியின் கரு என்றவுடன் கூரை வந்து நடுவில் நின்றுவிடுகிறது.

வீட்டுக்கு வந்து கிறேஸிடம் கொட்டினேன். கிளாக்கரைத் திட்டினேன், உபதேசியாரைத் திட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்கள் மருந்து குடுக்கேல்லை. நல்லது. அப்ப அவளுக்கு என்ன குடுத்தனீங்கள்?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிவிட்டேன்.

ஜூன் 13, செவ்வாய்க்கிழமை காலை. என் வரிசையில் ஒரு கொழுந்துக்காரி நின்றாள். அவளுடைய முறை வந்ததும் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "பேர் போடுங்க ஐயா, அஞ்சு மாசம்" என்றாள்.

"என்ன பேர்?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "டாக்டர் ஐயாவுக்கு ஒண்ணுமே தெரியலடி! புள்ளத்தாச்சிப் பொஸ்தகத்துல பேர் போடச் சொல்றா ஐயா" என்றாள்.

கர்ப்பிணிகளுக்குத் தனியாக ஒரு பதிவேடு இருந்தது. அதுவரை கங்காணிமார்தான் பெயர்களைச் சொல்லியனுப்புவார்கள், நான் எழுதுவேன். பெண்கள் தாங்களாக வந்து கேட்டு நான் கண்டதில்லை. அதற்கும் அவர்கள் பேர் போடுதல் என்றே சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் லேசில் வெட்ட முடியாது. பிள்ளை பிறந்தது, அல்லது கரு கலைந்தது, அல்லது தோட்டத்தை விட்டு இன்ன இடத்துக்குப் போனாள் என்று ஏதாவது ஒரு காரணம் எழுத வேண்டும். மாதம் ஒரு முறை வரும் வைத்திய அதிகாரி வரி வரியாகப் பார்ப்பார்.

போட்டுட்டா விட்டுருவாங்க.

அவள் லீவு கேட்கவில்லை. மருந்தும் கேட்கவில்லை. பிள்ளையை வைத்துக்கொள்ள வந்தாள். ஊரெல்லாம் அறிய எழுதிவிட்டால் தன்னை ஒன்றும் செய்ய முடியாது என்று அவளாகவே யோசித்து, என்னைத் தேடி வந்தாள். கருவைக் காப்பாற்றியவன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த நான்தான் அவளைப் போ என்று சொன்னேன்.

அந்தக் கொழுந்துக்காரியின் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே, அவள் இல்லாமலே, காத்தாயி, நான்காம் மாதம் என்று எழுதினேன். மணி பதினொன்று. பிறகு கிளாக்கர் வீட்டுக்கு ஓடினேன். அவர் மட்டும் வாசலில் நின்றார்.

"அவள் போயிட்டாள்."

"எங்க?"

"எனக்கென்ன தெரியும்? காலமையிலயிருந்து இல்லை. உம்மட வேலையைப் பாரும்."

"நான் அவளின்ர பேரைப் பதிஞ்சிட்டன்."

அவருடைய முகம் மாறியது. "வெட்டும் அதை."

"வெட்டமாட்டன்."

"தோட்டத்தை விட்டுப் போயிட்டாள் எண்டு எழுதும்!"

"எங்க போனவள் எண்டும் எழுத வேணும், ஐயா. சொல்லுங்கோ, எழுதுறன்."

அவர் கதவை அடித்துச் சாத்தினார்.

அதன் பிறகு வந்த நான்கு நாட்களை எப்படிச் சொல்வது? தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை, அல்லது சொல்லப் பயந்தார்கள். தினமும் மத்தியானம் மருந்தறையில் முழங்காலில் நின்றேன். நான் ஜெபித்தது அழகான ஜெபம் அல்ல. உம்முடைய ஜனங்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள், நான் ஏன் இப்படி இருக்கிறேன் என்று ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். கடைசியில் ஒன்றைத்தான் கேட்டேன்: அவளும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஒரு செய்தி தாரும்; இனி ஒருத்தி என் முன்னால் நின்றால், போத்தலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பேன்.

ஜூன் 17, சனிக்கிழமை, காலை பத்தரை மணி. குடை பிடித்துக்கொண்டு, முக்காடு போட்ட ஒரு வயதான அம்மா மலையேறி வந்தார். மூச்சு வாங்கியது. வாசலில் நின்று, "புள்ளத்தாச்சி பேர் எழுதுற டாக்டர் யாரு மகன்?" என்று கேட்டார்.

"நான்தான், உம்மா. உள்ளுக்கு வாங்கோ."

திகனவில் பிரசவம் பார்க்கும் மருத்துவிச்சி அவர். கதிரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "காத்தாயிண்டு ஒரு புள்ள. எங்கட ஊட்டுலதான் ஈக்கிறா. இங்கத்த கிளாக்கர்ட பொஞ்சாதி கொணந்து உட்டா. கசாயம் ஒண்டு குடுங்கண்டு சொன்னா. எனக்கு ஏலாதுண்டேன். அல்லாஹ் தந்த உசுர எடுக்க நான் யாரு? வேற ஆளத் தேடிக் கூட்டிக்கொண்டு போறேண்டு நிண்டா. புள்ள என் சீலயப் புடிச்சிக்கிட்டு உடல்ல. அப்ப நான் சொன்னேன், நீங்க போங்க, இவ இங்க ஈக்கட்டும்ண்டு."

"எப்ப, உம்மா?"

"செவ்வாக்கெழம. லுஹருக்கு முன்னுக்கு."

அவருடைய வீட்டில் மணிக்கூடு இல்லை. லுஹர் தொழுகை மத்தியானத்துக்குச் சற்றுப் பின் வரும். நான் பெயர் எழுதியது பதினொன்றுக்கு. நான் எழுதியதும் அவள் தப்பியதும் ஒரே நிமிடம் என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாததை எழுதுவது என் வழக்கமல்ல. ஆனால் அதே முற்பகலில்தான்.

"அவளுக்கு ஒரே பயம் மகன். தோட்டத்தால வந்து இழுத்துக்கொண்டு போயிருவாங்கண்டு அழுவுறா. டாக்டர் ஐயா பேர் போட்டாப் போதும், போட்டாப் போதும்ண்டு ஒரே அழுவ. அதுக்குத்தான் நடந்து வந்தேன். போடுங்க மகன்."

நான் பதிவேட்டைத் திறந்து காட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. "இதுதானா?" என்று விரலால் அந்த வரியைத் தடவினார். நான் அழுதுவிட்டேன். "ஆம்புளப் புள்ள அழுவுறதா? என்ன மகன் இது!" என்று அவர் கோபித்துக்கொண்டார். அன்று முதல்முறையாகச் சிரித்தேன்.

அந்த மாதம் வந்த வைத்திய அதிகாரி வரியைப் பார்த்தார், விசாரித்தார். திகனவில் மருத்துவிச்சியின் பராமரிப்பில் என்று அவர் கையாலேயே எழுதினார். அதன் பிறகு ஒருவரும் அவளைத் தொடவில்லை. நவம்பர் 22, புதன்கிழமை அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

கதை இங்கே முடிந்தால் உங்களுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். முடியவில்லை. ஜூலை 31ஆம் திகதியோடு எனக்கு வேலை போனது. பதிவேட்டில் பிழை ஒன்றும் இல்லையாம், பெரிய கிளாக்கரோடு ஒத்துப்போகத் தெரியாதவனாம். தோட்டத்துத் துரை அப்படித்தான் சொன்னார். கிளாக்கரின் மைத்துனனுக்கு உத்தியோகம் கிடைத்தது. அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிளாக்கர் இன்றும் பாடம் வாசிக்கிறார். அவர் வாசிக்கும்போது என் மனம் கசக்கிறது. அந்தக் கசப்பை எடுத்துப்போடும்படி மூன்று வருடமாக ஜெபிக்கிறேன், இன்னும் போகவில்லை. இதையும் சாட்சியாகவே சொல்லுகிறேன்.

காத்தாயி ஞானஸ்நானம் எடுத்தாளா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. உம்மாவின் வீட்டிலேயே இருக்கிறாள். பிரசவத்துக்குப் போகும் வீடுகளுக்கு அவரோடு கூடப் போகிறாள். நம்மில் ஒருவரும் திறக்காத கதவை அந்தத் தாய் திறந்தார். அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லுகிறேன். நாம் திறக்காததற்காக அவரிடம் மன்னிப்பும் கேட்கிறேன்.

இப்போது நான் கண்டியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். குண்டசாலையில் வாடகை வீடு. எங்களுக்கு இன்னும் பிள்ளை இல்லை. பின்பக்கத்து அறையைக் கிறேஸ் வெள்ளையடித்து வைத்திருக்கிறாள். இதுவரை மூன்று பெண்கள் அங்கே தங்கிப் பிள்ளை பெற்றுப் போயிருக்கிறார்கள். ஒருத்தி போகும்போது எங்களுடைய செம்பையும் கொண்டு போய்விட்டாள். போகட்டும்.

சகோதரரே, சகோதரிகளே, கருவை அழிப்பது பாவம் என்று நீங்கள் நம்பினால் அதில் உறுதியாய் நில்லுங்கள். வேலை போனாலும் நில்லுங்கள், ஆண்டவர் கைவிட மாட்டார். என்னைக் கைவிடவில்லை. ஆனால் முடியாது என்று சொல்லிவிட்டு வாசலைப் பூட்டாதீர்கள். உங்கள் வீட்டில் ஒரு பாய் விரிக்கும் அளவு இடத்தை இன்றைக்கே ஒதுக்கி வையுங்கள். அதற்குப் பிறகு ஜெபியுங்கள். யாராவது வருவார்கள்.