காத்தும் கருப்பும்

போன மாதம் என் மகளை அம்பத்தூரில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். முகமெல்லாம் பரு. மருத்துவரம்மா இளவயதுக்காரர். பூசுவதற்கு ஒரு களிம்பும் விழுங்குவதற்கு ஒரு ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் எழுதினார்.

"சீழ் வைக்கிற பருவுக்கு நல்லா கேக்கும். ஆனா சில மாசத்துக்கு மேல வேண்டாம். பழைய சீட்டைக் காட்டி நீங்களா வாங்கித் தொடராதீங்க. வெயில்ல போனா சிலருக்கு முகம் எரியும். தலைவலி விடாம இருந்தாலோ, காதுல காத்து அடிக்கிற மாதிரி சத்தம் கேட்டாலோ, எதுவும் ரெண்டா தெரிஞ்சாலோ உடனே நிறுத்திட்டு வந்துடணும்."

மகள் செல்போனைப் பார்த்தபடி தலையாட்டினாள். எனக்குத்தான் நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டில் கொஞ்ச காலம் குடியிருந்த பேயின் அங்க அடையாளங்களை யாரோ ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுவது போல இருந்தது.

அப்போது நாங்கள் ஆவடியில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்த குடும்பம். குவார்ட்டர்ஸில் எல்லா வீடும் ஒரே அச்சு, ஒரே மஞ்சள் நிறம். காலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதி, சைக்கிள்கள் எல்லாம் போய்விட்டால் சாயங்காலம் வரை தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. எனக்கு மதியத்தோடு பள்ளி முடிந்துவிடும். வீட்டுக்கு வந்தால் அம்மா தூங்கிக்கொண்டிருப்பாள். அந்த வெறிச்சோடிய பகலில் விழித்திருப்பது நானும் அக்காவும்தான்.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பள்ளி முடித்துவிட்டு அம்பத்தூரில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய் வந்தாள். அவள் முகத்தில் பரு என்றால் சாதாரணப் பரு இல்லை. கன்னத்தில் இடமில்லாமல் கழுத்து வரைக்கும் இறங்கியிருந்தது. ஒன்று பழுத்து உடைந்தால் அதன் பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பும். தலையணை உறையைத் தினமும் அவளே யாருக்கும் தெரியாமல் துவைப்பாள். ஸ்டேஷன் படிக்கட்டில் பையன்கள் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் போகும்போது ஒருவன் கத்தினான்: "டேய் மாமே, பலாப்பழம் வந்துகினு கீது பாரு!" எனக்குப் பலாப்பழம் பிடிக்கும். எங்கே என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அக்கா தாவணி முனையால் முகத்தை மூடிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

அப்பாதான் அவளைத் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனார். அவர் கொடுத்த மாத்திரை உண்மையிலேயே அற்புதம் செய்தது. முதலில் சீழ் வற்றியது. பிறகு சிவப்பு அடங்கியது. மழைக்காலம் முடிவதற்குள் அக்காவின் முகம் வேறு யாருடைய முகமோ போல ஆகிவிட்டது. அவளுக்கு இப்படி ஒரு மூக்கு இருந்தது என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. தாவணி முனை தோளில் நின்றது. வாசலில் நின்று பால்காரரிடம் அவளே பேசினாள். படிக்கட்டுப் பையன்கள் வாயை மூடிக்கொண்டு தள்ளி உட்கார்ந்து வழிவிட்டார்கள். அவள் பாடுவாள் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது.

டாக்டர் சொன்ன காலம் முடிந்தது. மாத்திரையும் நின்றுவிட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். அடுத்த மழைக்காலமும் வந்து போனது.

முதலில் பார்த்தது நான். ஒரு மத்தியானம் அக்கா எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். அவளுடைய ஈறு நீலமாக இருந்தது. எனக்குக் கொடுக்காமல் நாவல்பழம் தின்றிருக்கிறாள் என்று அழுதுகொண்டே போய் அம்மாவை எழுப்பினேன்.

"ஏட்டி, வாயத் தொற," என்றாள் அம்மா. "இதென்னட்டி இப்பிடி இருக்கு? நாவப்பழம் இப்ப எங்க கெடைக்கி?"

அக்கா வாயை மூடிக்கொண்டாள். அதன்பின் அவள் சிரிப்பதில்லை. ஆனால் நீலம் வாயோடு நிற்கவில்லை. பழைய பரு இருந்த பள்ளங்களில் எல்லாம் ஒவ்வொரு சொட்டாகச் சாம்பல் கலந்த நீலம் இறங்கியது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் துணி துவைக்கும்போது பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே யாரோ அடித்தது போல, கன்றிப்போன நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது.

எதிர்வீட்டு அம்மா ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்குத் தெரியாத வைத்தியமும் கிடையாது, தெரியாத பேயும் கிடையாது. அக்காவின் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு அம்மாவைத் தனியாக அழைத்தார். நான் கதவுக்குப் பின்னால்தான் இருந்தேன். என் வழக்கமான இடம் அது.

"இன்னாம்மா இது, பொண்ணு மூஞ்சி ஊதாவா கீது? நீ இன்னாத்துக்கு கம்முனு கீறே? இது காத்து கருப்பு வேலம்மா."

காத்து கருப்பு என்றால் கெட்ட ஆவி என்று பெரியவர்களுக்குத் தெரியும். எனக்கு அது இரண்டு பேர். ஒருவர் பெயர் காத்து, இன்னொருவர் பெயர் கருப்பு. கருப்பு அக்காவின் தோலுக்குள் நுழைந்துவிட்டதை நான் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். காத்து இன்னும் வரவில்லை என்று மட்டும் ஒரு நிம்மதி.

அடுத்த சில நாளில் அதுவும் வந்தது.

வெயில் நேரம். வேப்பமரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை. தலைவலி என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அக்கா, "உனக்குக் கேக்குதா?" என்றாள்.

"என்னக்கா?"

"காத்து. விட்டு விட்டு அடிக்குது. யாரோ பக்கத்துல ஒக்காந்து மூச்சு விடற மாதிரி."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் என்னை இழுத்துத் தன் காதோடு என் காதை ஒட்டிவைத்தாள். எனக்கும் கேட்டது. எங்கோ ஆழத்தில் ஒரு இரைச்சல். இரண்டு பேர் காதை ஒட்டி வைத்தால் யாருக்கும் அப்படித்தான் கேட்கும் என்பது அன்று எனக்குத் தெரியாது. கையை உதறிக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் போய்ப் படுத்தேன்.

இன்னொரு நாள் தலைவாரிக்கொண்டிருந்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என்னையும், எனக்குப் பக்கத்தில் வெறும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உன் பக்கத்துல யாருடி?"

"யாரும் இல்லக்கா."

"உன்ன மாதிரியே இருக்கா," என்றாள் அக்கா மெதுவாக. பிறகு கண்ணைக் கசக்கிவிட்டு, "போயிட்டா" என்றாள்.

அன்றிலிருந்து நான் அந்தச் சுவர்ப் பக்கம் போவதே இல்லை.

மிகவும் பயமாக இருந்தது கோலம் போடும்போது நடந்ததுதான். வெள்ளிக்கிழமை காலை. நல்ல வெயில். குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். கை இரண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டு, கோலமாவு சிந்த, "யாரு லைட்டை அணைச்சது?" என்று கேட்டாள். வாசலில், சூரியனுக்கு நேராக நின்றுகொண்டு. சில நொடிகளில் சரியாகிவிட்டது. "அம்மாகிட்ட சொல்லாதே" என்றாள். சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அம்மா என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"டாக்டர்கிட்ட போவோம்ட்டி," என்றாள் அம்மா.

"டாக்டர் வேண்டாம்," என்றாள் அக்கா. அவசரமாகச் சொன்னாள். "மந்திரிக்கிறதுன்னா மந்திரிச்சுக்கோங்க. நான் வரேன்."

டாக்டரிடம் போகப் பயப்படுவதும் ஒரு அடையாளம் என்றார் எதிர்வீட்டு அம்மா. நான் பார்த்த இன்னொன்றையும் அப்போது சொன்னேன். அம்மா தூங்கும் நேரத்தில் அக்கா பவுடர் டப்பாவைத் திறப்பாள், உள்ளங்கையில் கொட்டுவாள், வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள்.

"பவுடரத் துன்னுதா!" என்று மார்பில் கைவைத்தார் எதிர்வீட்டு அம்மா. "பாத்தியா? இது வயசுப் பொண்ணா செத்ததும்மா. அலங்காரத்து மேல ஆச கீது அதுக்கு."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சங்கு ஊதியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சம்மதம்.

பக்கத்தில், சேக்காட்டில், சாமி வந்து குறி சொல்லும் அம்மா ஒருவர் இருந்தார். உச்சி வேளையில் வரச் சொல்லியிருந்தார். தகரக் கூரை போட்ட அறை. சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. நடுவில் ஒரே ஒரு குத்துவிளக்கு எரிந்தது. அதன் முன்னால் அக்காவை உட்கார வைத்தார்கள். நான் அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்து, ஒரு கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டேன். அழுவாள், ஓடுவாள் என்று நினைத்தேன். பரீட்சை எழுத வந்தவள் போல அமைதியாக உட்கார்ந்திருந்தாள்.

வேப்பிலை அவள் தலையிலும் தோளிலும் விழுந்தது.

"யாரு நீ? இந்தப் புள்ளைய இன்னாத்துக்குப் புடிச்சே?"

வேப்பிலை மறுபடியும் விழுந்தது.

"இன்னா வோணும் உனக்கு? கோழியா? பொடவையா?"

"ஒண்ணும் வேண்டாம்," என்றாள் அக்கா. "என்னை இப்படியே விட்டுடுங்க."

"உட மாட்டேன். எப்பப் போவே, சொல்லு!"

"போக மாட்டேன்."

பேசுவது பேய்தான் என்று எல்லோருக்கும் உறுதியாகிவிட்டது. எதிர்வீட்டு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இங்க பாரு. எத்தினி வெளக்கு எரியுது?"

அக்கா விளக்கைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "ரெண்டு."

அம்மா வாய்விட்டு அலறிவிட்டாள். குறிசொல்லும் அம்மாவே ஒரு நொடி தடுமாறினார். பிறகு, "ஆத்தாவக் குனிஞ்சு கும்புடு" என்று அதட்டினார். அக்கா தரையில் நெற்றி படக் குனிந்தாள். நிமிர்ந்தாள். கைகள் முன்னால் நீண்டன. நான் காத்திருந்தேன். கோலத்தன்று போலச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாகவில்லை. கைகள் விளக்கைத் தாண்டி, புகையைத் தாண்டித் தேடின.

"அம்மா, எங்க இருக்க?"

அம்மா அவளுக்கு நேர் எதிரில், கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தாள்.

"அம்மா, மாத்திரைம்மா. பருவுக்குக் குடுத்த மாத்திரை. நான் நிறுத்தவே இல்ல. பழைய சீட்டைக் காட்டி வாங்கி இன்னும் சாப்புட்றேன். பவுடர் டப்பாவுல இருக்கும்மா."

"நம்பாதேம்மா," என்றார் எதிர்வீட்டு அம்மா. "அதத் தொரத்தும்போது இப்டித்தான் கதை உடும்."

அம்மா என்னைப் பார்த்தாள். பவுடர் தின்னும் கதையைச் சொன்னவள் நான்தானே. பிறகு எழுந்தாள். அக்காவின் நீட்டிய கையைப் பிடித்துத் தூக்கினாள். வேப்பிலையைக் குறுக்கே நீட்டியவரிடம், "தள்ளுங்கம்மா" என்று ஒரே வார்த்தைதான் சொன்னாள். அதுவரை யாரிடமும் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. தெருமுனைக்கு வருவதற்குள் அக்காவுக்குப் பார்வை திரும்பியிருந்தது. ஆனாலும் ஓரமெல்லாம் புகையாக இருக்கிறது என்றாள். ஆட்டோவில் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க அம்மா அவள் கண் முன்னால் விரலை ஆட்டி ஆட்டி, தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

அங்கே கண் டாக்டர் வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். தலைக்குள் நீரின் அழுத்தம் ஏறி, கண்ணுக்குப் போகும் நரம்பு வீங்கியிருக்கிறது என்றார். காதில் கேட்ட காற்றும், இரண்டாகத் தெரிந்ததும் அதனால்தான். நீலம், மாத்திரை தோலில் படிந்த கறை. அபூர்வமாகத்தான் இப்படியெல்லாம் வரும், ஆனால் வரும். மாத்திரையை இன்றோடு நிறுத்த வேண்டும். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் பார்வை போனது போனதுதான்.

தகவல் தெரிந்து வேலை உடையோடு ஓடி வந்திருந்த அப்பா பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நிறுத்தினா பரு திரும்பி வருமா சார்?"

இவளுக்குச் சொன்னது புரியவில்லை போல என்று நினைத்து, டாக்டர் எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி சொன்னார்.

வேறு மருந்துகளும், திரும்பத் திரும்பப் பரிசோதனையுமாகக் கொஞ்ச காலம் போனது. காத்து முதலில் போனது. பிறகு என் பக்கத்தில் நின்றவள் போனாள். கருப்பு மட்டும் ஈறிலிருந்தும் கன்னத்திலிருந்தும் மெல்ல மெல்ல, மனசில்லாமல் வெளுத்தது. சேக்காட்டு ஆத்தாதான் விரட்டினாள் என்று எதிர்வீட்டு அம்மா தெரு முழுக்கச் சொன்னார். அம்மா மறுத்துப் பேசவில்லை. கண்ணுக்கு இனி பயமில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, அந்த வீட்டுக்கும் சேர்த்தே சர்க்கரைப் பொங்கல் வைத்தாள்.

பொங்கல் கிண்ணத்தோடு நான்தான் அக்காவிடம் ஓடினேன். உள்ளறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"அக்கா, எல்லாம் போயிடுச்சாம்! இனிமே வராதாம்! அம்மா சொன்னாங்க."

திரும்பினாள். தாடையிலும் கன்னத்திலும் புதிதாக, சிவப்பாக, சிறியதும் பெரியதுமாகக் கிளம்பியிருந்தன. தாவணி முனையை இழுத்து அவற்றின் மேல் வைத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் நிற்காமல் ஓடியது.

பேய் போனதற்கு யாராவது அழுவார்களா? எனக்கு விளங்கவே இல்லை. இத்தனை நாள் கூடவே இருந்ததால் அதன்மேல் ஆசை வந்துவிட்டது போலிருக்கிறது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். பாவமாக இருந்தது. பொங்கலை ஒரு வாய் ஊட்டிவிட்டு, அம்மாவுக்குக் கேட்காதபடி அவள் காதில் சொன்னேன்:

"அழாதேக்கா. ஒருநாள் மறுபடியும் வரும்."