இரண்டு சட்டை போட்டு வந்த பிள்ளை

அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியையாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. சுதந்திரம் கிடைத்து ஐந்தாறு வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே அறை, தகரக் கூரை, நாற்பது பிள்ளைகள். நான் யாழ்ப்பாணத்துக்காரி. ஆமாம் என்பதற்கு "ஓம்" என்று சொன்னாலே பின்வரிசை சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிக்கப் பழகிக்கொண்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

மூன்றாம் வகுப்பில் ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். வாய் ஓயாமல் பேசுவாள், கணக்கில் கெட்டிக்காரி. அந்த வருடம் மழைக்காலம் முடிந்த பிறகு அவள் மாறிப்போனாள். சிலேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால் திடுக்கிடுவாள். சோம்பல் என்று நினைத்து இரண்டு தடவை வெளியே நிறுத்தினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பள்ளி விட்டதும் மற்றவர்கள் லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, ஓடுவார்கள். இவள் மட்டும் பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்குவாள். நல்ல வெயில் நாளில் ஒரு சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு நாள் கணக்கப்பிள்ளை, அதாவது மலையில் வேலையை மேற்பார்த்து நாள் கூலிக்குப் பேர் போடுகிறவர், ஏதோ கேட்பதற்காகப் பள்ளி வாசலில் வந்து நின்றார். இவள் மேசைக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதருடைய மனைவி ஊருக்குப் போயிருந்தாள். அவர் வீட்டைக் கூட்டித் தண்ணீர் எடுத்துவைக்கப் பின்னேரங்களில் இந்தப் பிள்ளை போய்வந்தாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"வீட்டை போக விருப்பமில்லையே பிள்ளை?"

"வீட்டுக்குப் போவேன் டீச்சர். அங்கதான் போக மாட்டேன்."

எங்கே என்று நான் கேட்கவில்லை. காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து, "அவரு கதவச் சாத்திக்கிறாரு டீச்சர்" என்றாள். பிறகு அவள் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. சொல்லி முடித்ததும் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. அப்பாவுக்குப் பேரு போட மாட்டேன்னு சொன்னாரு."

சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுக்க நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நல்ல வேளையாக அடக்கிக்கொண்டேன்.

"சொல்லாமல் இருக்கேலாது பிள்ளை. ஆனா ஆரிட்டைச் சொல்லப்போறன் எண்டு முதல் உனக்குச் சொல்லுவன். உன்னிலை ஒரு பிழையும் இல்லை. முதல் அம்மாட்டைச் சொல்லுவம், என்ன?"

அவள் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். அவள் சொன்னதை அவளுடைய வார்த்தைகளிலேயே அன்று பின்னேரமே கொப்பியில் எழுதிவைத்தேன்.

பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த தாய், கூடையை இறக்காமலே நான் சொன்னதைக் கேட்டாள். நம்பமாட்டாளோ என்று பயந்திருந்தேன். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அங்க போகலன்னு அழுதுச்சு டீச்சர். நாந்தான் அடிச்சு அனுப்புனேன்" என்றாள். தகப்பன் லயத்துச் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தார்.

"நமக்குப் பிரஜா உரிமையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொலிசு நம்ம பேச்சக் கேக்குமாங்க?"

"கேக்காட்டி நாலு தடவ போவோம்" என்றாள் தாய். "பேரு போடாட்டி போகட்டும். இனி எம்புள்ள அந்த வீட்டுப் படி மிதிக்காது."

அடுத்து தோட்டத்து மருந்துச்சாலையில் இருந்த டாக்டரையாவிடம் போனேன். பருத்தித்துறைக்காரர், ஓய்வுபெறும் வயதில் இருந்தவர். "பிள்ளையின்ரை பேர் கெட்டுப்போம். அமைதியா முடிப்பம்" என்றார். "பேர் கெடவேண்டியது அந்த மனுசன்ரை பேர் ஐயா" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, "வாரும், துரையைப் பாப்பம்" என்றார்.

தோட்டத்தை நடத்திய துரை வெள்ளைக்காரர். தோட்டத்தில் பழகிய தமிழ்தான் பேசுவார். முழுவதையும் கேட்டுவிட்டு முகம் சிவந்துபோனார். "அந்த ஆள் நாளைக்கு வேற தோட்டம் அனுப்பும்" என்றார்.

"அங்கையும் பிள்ளையள் இருக்கினம், சேர்" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் வேலையும் அதோடு கிடைத்த அறையும் போயிற்று என்றே நினைத்தேன். கடைசியில், "பொலிஸ் போறது போங்க. நான் மறிக்க இல்லை" என்றார்.

நான் சொன்னபடியே, ஒவ்வோர் இடத்துக்கும் போகுமுன் பிள்ளையிடம் சொன்னேன். அப்புத்தளைப் பொலிசில் இருந்த சார்ஜன்ட் சிங்களவர். கடைத்தெருத் தமிழ் பேசினார். தாயைப் பக்கத்தில் இருத்தி, என் கொப்பியை வாங்கி வைத்துக்கொண்டு, "பொண்ணு மெதுவா சொல்லட்டும். அவசரம் வாணாம்" என்றார். அன்றே கணக்கப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த வாரத்திலேயே, தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் வேறு இரண்டு தாய்மார் இவளுடைய தாயின் காதில் ஏதோ சொல்லி அழுதார்கள். அவர்களும் பொலிசுக்குப் போனார்கள்.

பெண் டாக்டரிடம் காட்டுவதற்குப் பதுளை ஆஸ்பத்திரிக்கு ரயிலில் போனோம். பிள்ளை ரயில் ஏறுவது அதுதான் முதல் தடவை. எல்ல ஸ்டேஷனைத் தாண்டி, பாதை ஒரு பெரிய வளையமாகச் சுற்றி, சற்றுமுன் மேலே கடந்துவந்த தண்டவாளத்துக்கு அடியிலேயே ரயில் நுழைந்தபோது, அவள் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு, "அம்மா, நாம இப்ப அங்கேருந்துதான் வந்தோம்!" என்று கத்தினாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் சத்தமாகப் பேசியது அன்றுதான். தாயும் நானும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இருவருமே அழுதிருப்போம்.

வழக்குப் பதுளையில் நடந்தது. பலமுறை தள்ளிப்போட்டார்கள். ஒவ்வொரு தவணைக்கும் டாக்டரையா எங்களோடு வந்தார். லயத்தில் சிலர் முணுமுணுத்தார்கள், என்னோடு முகங்கொடுத்துப் பேசாதவர்களும் உண்டு. முடிவில் அந்த மனிதர் சிறைக்குப் போனார். தகப்பனுக்கு ஒரு நாள் பேர்கூடத் தவறவில்லை. இனிமேல் உத்தியோகத்தர் வீடுகளுக்குப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பக்கூடாது என்று தொழிலாளர்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில், விடிகாலையில் எல்லாரையும் நிறுத்தி வைத்துத் துரையே சொன்னார். அவருடைய தமிழைக் கேட்டு வழக்கமாகச் சிரிப்பவர்கள் அன்று சிரிக்கவில்லை.

பிள்ளை உடனே தேறிவிட்டாள் என்று சொன்னால் பொய்யாகும். சில நாட்கள் பேசுவாள், சில நாட்கள் மௌனமாகிவிடுவாள். அந்த நாட்களில் என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டுக் கொடுப்பேன், எதுவும் கேட்கமாட்டேன். அவள் நாலாம் வகுப்புக்கு வந்தபோது அந்தப் பலகையில் வேறு பிள்ளைகள் உட்கார ஆரம்பித்திருந்தார்கள்.

அந்தத் தீபாவளிக்குப் பள்ளியில் நாடகம் போட்டோம். ராஜா வேடம் தனக்குத்தான் வேண்டும் என்று அவள் சண்டை பிடித்து வாங்கினாள். சாக்குத் திரைக்கு முன்னால் நின்று, இரண்டு மந்திரிகளை நாடு கடத்தும்படி உத்தரவிட்டாள். கடைசி வரிசையில் டாக்டரையாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த அவளுடைய தாய், "இம்புட்டுச் சத்தமா பேசணுமா இவ!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மந்திரிகள் போக மறுத்ததால், ராஜா அவர்களைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு மேடையை விட்டே இறங்கிப் போய்விட்டாள்.