நிறுத்தும் சுவிட்ச் இருந்த இடம்

திண்டிவனத்தில் நான் எழுத்து வேலை பார்க்கும் மல்லாட்டை உடைக்கும் மில்லில் இன்று பாதுகாப்புக் கூட்டம். தொழிலாளர்களின் கருத்தைக் கேட்பதற்கான கூட்டம் என்பதால், "யாருக்கும் குறை இல்லை" என்று காலையிலேயே குறிப்பேட்டில் எழுதி வைத்துவிட்டேன்.

"எதுனா குறை இருந்தா சொல்லுங்க" என்றார் முதலாளி.

மெஷினில் கடலைக்காய் கொட்டும் மேரியக்கா எழுந்தார். "நிறுத்துற சுவிட்ச் பெல்ட்டுக்கு அந்தாண்ட இருக்குதுங்க. ஓடிக்கினு இருக்கிற பெல்ட்டு மேல கைய நீட்டித்தான் நிறுத்தணும்."

"இத்தினி வருஷமா நிறுத்திக்கினுதானே இருக்கீங்க?"

"நீங்க ஒருவாட்டி நிறுத்திக் காட்டுங்க சார்."

முதலாளி சிரித்தபடியே போய்க் கையை நீட்டினார். பெல்ட் சட்டைக் கையை உரசியதும் பின்னால் குதித்தார்.

"யோவ், ஜல்தியா எலக்ட்ரீஷியனக் கூப்புடுய்யா!"

மாலைக்குள் சுவிட்ச் இந்தப் பக்கம் வந்துவிட்டது. குறையைத் தாமே ஆய்வு செய்து கண்டுபிடித்ததாக எழுதச் சொன்னார் முதலாளி. காலையில் எழுதியதை அடித்துவிட்டு அப்படியே எழுதினேன்.

மேரியக்கா படித்துப் பார்த்தார். "யாரு கண்டுபுடிச்சா இன்னா? என் கை எங்கிட்ட இருக்குது" என்று கையெழுத்துப் போட்டார்.

உங்கள் இடத்தில் குறைகளைக் கண்டுபிடிப்பவர் யார்? பதவியையும் சேர்த்துச் சொல்லவும்.